அவுட்பாக்ஸில் நிற்கும் மெயில்

சேவூர் வட்டாரத்துக் கம்பெனி ஆபீஸ்களில் மெயில் பார்க்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,



சேவூரிலும், புளியம்பட்டி ரோட்டிலும், போத்தம்பாளையம், தண்டுக்காரன்பாளையம், முறியாண்டம்பாளையம் பக்கமும் பனியன் கம்பெனி, நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி யூனிட் என்று பல இடங்களில் வேலை பார்க்கிறீர்கள். சம்பளச் சீட்டில் மெர்ச்சன்டைசர் என்று இருக்கலாம், டாக்குமெண்டேஷன் என்று இருக்கலாம், வெறுமனே ஆபீஸ் ஸ்டாஃப் என்றும் இருக்கலாம். "அந்த மெயில் போயிருச்சாம்மா?" என்ற கேள்வி மட்டும் உங்களைத்தான் தேடி வருகிறது. போகாவிட்டால் திட்டும் உங்களுக்குத்தான். "நெட் ஸ்லோவா இருக்குங்க" என்று சொல்லி, ரவுட்டரை அணைத்துப் போட்டு, அதற்கும் அசையாவிட்டால் சொந்த போனிலிருந்து அனுப்பிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள்.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் டாக்குமெண்டேஷன் வேலையிலும், பிறகு இந்தப் பக்கத்து ஆபீஸ்களின் சிஸ்டங்களைப் பார்த்துக் கொடுப்பதிலும் காலம் போன ஓர் அக்கா எழுதுகிறேன். மெயில் ஏன் போகவில்லை என்பதை உங்களாலேயே கண்டுபிடிக்க முடியும். அதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை, பி.காம். படித்தவர்களும் பிளஸ் டூ முடித்தவர்களும் அழகாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். காரணத்தைப் பார்க்காமல் சுற்றுவழியில் அனுப்பிப் பழகுவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

நமக்குச் சாயங்காலம் 6 மணி என்றால் ஜெர்மனியில் கோடைக்காலத்தில் மதியம் 2.30, குளிர்காலத்தில் 1.30. பையர் ஆபீஸில் எல்லோரும் சீட்டில் இருக்கும் நேரம். சைஸ் செட் அளவெடுத்து, படம் பிடித்து, கமெண்ட்ஸ் எழுதி, எல்லாம் உங்கள் மேஜைக்கு வந்து சேர்வதும் அந்நேரம்தான். சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் ஆள் வீட்டுக்குப் போயிருப்பார். ஃபார்வர்டர் அனுப்பிய பில் ஆஃப் லேடிங் டிராஃப்டில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கட்-ஆஃப் நேரத்துக்குள் திருத்தம் சொல்லியாக வேண்டும். தாண்டினால் திருத்தக் கட்டணம். எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதம் மூலம் வியாபாரம் என்றால் இன்னும் இறுக்கம். 2007 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி.யில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால் ஷிப்மெண்ட் தேதியிலிருந்து 21 நாளுக்குள் டாக்குமெண்ட் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். போகாத ஒரு மெயிலுக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "மெயில் வருதுங்க அக்கா, ஆனா போகமாட்டேங்குது. நெட்டும் நல்லாத்தான் இருக்கு." போன் எடுத்தவுடன் நான் கேட்கும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். வருகிறது, ஆனால் போகவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அவுட்லுக்கானாலும் தண்டர்பேர்டானாலும் மெயிலை வாங்குவதற்கு ஒரு வழி, அனுப்புவதற்கு முற்றிலும் வேறு வழி. வாங்குவதற்கு பாப் அல்லது ஐமேப். அனுப்புவதற்கு எஸ்.எம்.டி.பி. சர்வர் பெயர் வேறாக இருக்கலாம், சர்வரின் வாசல் எண்ணான போர்ட் எண் கட்டாயம் வேறு, பாஸ்வேர்டைக்கூட சில புரோகிராம்கள் தனித்தனியாகத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. ஆகவே மெயில் வருவதை வைத்து, அனுப்பும் வழியும் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

பழைய அவுட்லுக்கில் அக்கவுண்ட் செட்டிங்கைத் திறந்தால் 'டெஸ்ட் அக்கவுண்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்துங்கள். இரண்டு வரிகள் ஓடும்: ஒன்று வாங்கும் சர்வரில் நுழைவது, மற்றது ஒரு சோதனை மெயிலை அனுப்புவது. எந்த வரியில் பச்சை டிக் விழுகிறது, எதில் சிவப்பு விழுகிறது என்று பார்த்தாலே தொல்லை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அரை நிமிஷ வேலை. ரவுட்டரை அணைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அனுப்பும் வழி மட்டும் ஏன் இத்தனை தொல்லை தருகிறது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்த எஸ்.எம்.டி.பி. விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அப்போது வலையில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அதனால் மெயில் கொடுக்க வருபவரிடம் "நீ யார்?" என்று கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை; யார் வேண்டுமானாலும் 25ஆம் எண் போர்ட்டில் மெயிலைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பிறகு குப்பை மெயில் பெருகியது. 1998 டிசம்பரில், நம்மைப் போன்றவர்களின் சிஸ்டத்திலிருந்து மெயிலை ஒப்படைப்பதற்கென்று 587 என்ற தனிப் போர்ட் வகுக்கப்பட்டது. 2018ல், ஆரம்பத்திலிருந்தே பூட்டிய இணைப்பில் பேசும் 465 போர்ட்டும் முறையாக அங்கீகரிக்கப்பட்டது. 25 என்பது இன்றைக்கு சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கு மட்டும். பிராட்பேண்ட் கம்பெனிகள் பலவும் வாடிக்கையாளர்களின் இணைப்பில் 25ஐ அடைத்தே வைத்திருக்கின்றன.

இது நம் ஊர் ஆபீஸுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் யாரோ வந்து அவுட்லுக் போட்டுக் கொடுத்தார். போர்ட் 25. அன்றைய இணைப்பில் அது ஓடியது. போன வாரம் பழைய லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். அன்று மதியத்திலிருந்து மெயில் வருகிறது, போவதில்லை. எல்லோரும் புது லைனைத் திட்டுகிறார்கள். செட்டிங்கில் 25ஐ 587 ஆக்கி, என்கிரிப்ஷனில் 'ஸ்டார்ட்-டி.எல்.எஸ்.' தேர்ந்தெடுத்து, 'அவுட்கோயிங் சர்வர்' என்ற பக்கத்தில் 'என் அவுட்கோயிங் சர்வருக்கு அத்தென்டிகேஷன் வேண்டும்' என்ற கட்டத்தில் டிக் போட்டால் முடிந்தது. 465 என்றால் என்கிரிப்ஷன் 'எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.' என்று இருக்க வேண்டும். போர்ட்டும் என்கிரிப்ஷனும் ஜோடி மாறினால் சில சமயம் பிழை எதுவும் சொல்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு அதுவும் 'நெட் ஸ்லோ' மாதிரியே தெரியும்.

அடுத்தது பெரிய அட்டாச்மெண்ட். நம் தொழிலில் இதை நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நாம் அனுப்புவதே படங்கள். ஒரு டீ-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, ஸ்லீவ் ஹெம், மெயின் லேபிள், பிரிண்ட் குளோசப், டேப் அளவு தெரிய இரண்டு என்று எட்டுப் படம் சர்வ சாதாரணம். இன்றைய போன் எடுக்கும் படம் ஒன்று 4, 5 எம்.பி. எட்டும் சேர்ந்தால் 35 எம்.பி. ஜிமெயிலின் உச்சவரம்பு 25 எம்.பி. அந்த 25ம் முழு 25 அல்ல. எஸ்.எம்.டி.பி. பிறந்தபோது அது வெறும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் கொண்டுபோவதற்காகச் செய்யப்பட்டது. படத்தையும் பி.டி.எஃப்.பையும் அனுப்ப, அவற்றை எழுத்துகளாக மாற்றிக் கட்டும் முறை 1992ல் வந்தது. அந்த மாற்றத்தில் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகிறது. அதாவது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருக்கிறது. ஆகவே ஃபோல்டரில் 18 எம்.பி. என்று காட்டுவது கிளம்பும்போது 24 ஆகிவிடும். "20 எம்.பி.தானே இருக்கு, ஏன் போகலை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அப்படி ஒரு பெரிய மெயில் அவுட்பாக்ஸில் சிக்கினால் அதற்குப் பின்னால் நிற்கும் சின்ன மெயில்களும் காத்துக் கிடக்கும். இன்வாய்ஸ் மெயில் அரைப் பக்கம்தான் இருக்கும். முன்னால் நிற்கும் படமெயிலால் அதுவும் நகராது. அப்போது செய்ய வேண்டியது இது. 'சென்ட்/ரிசீவ்' பக்கத்தில் 'ஒர்க் ஆஃப்லைன்' என்பதை அழுத்தி இணைப்பை நிறுத்துங்கள். அவுட்லுக்கை மூடித் திறந்து, அந்தப் பெரிய மெயிலை இழுத்து டிராஃப்ட்ஸில் போடுங்கள். பிறகு 'ஒர்க் ஆஃப்லைன்' பட்டனை மறுபடி அழுத்தி விடுவியுங்கள். இந்தக் கடைசிப் படியை மறந்தால் அன்று முழுக்க எதுவுமே போகாது. கீழே ஓரத்தில் 'ஒர்க்கிங் ஆஃப்லைன்' என்று சின்னதாக எழுதியிருப்பது யார் கண்ணிலும் படாது.

இன்னொன்று. அவுட்பாக்ஸில் நிற்கும் மெயிலைத் திறந்து பார்க்காதீர்கள். வரிசையில் நிற்கும் மெயில் சாய்ந்த எழுத்தில் தெரியும். ஒருமுறை திறந்து மூடினால் சாய்வு போய்விடும். அது வரிசையிலிருந்து விலகிவிட்டது என்று அர்த்தம். மறுபடி திறந்து 'சென்ட்' அழுத்தினால்தான் போகும். "போச்சா, போச்சா" என்று ஓனர் பின்னால் நின்று கேட்க, நீங்கள் பதற்றத்தில் திறந்து திறந்து பார்க்க, அதனாலேயே மெயில் நின்றுபோவது பரிதாபமான விஷயம்.

படங்களைச் சுருக்க வழி இருக்கிறது. விண்டோஸில் படங்களைத் தேர்ந்து, வலது கிளிக் செய்து, 'சென்ட் டு' வழியாக 'மெயில் ரிசிபியன்ட்' போனால் எந்த அளவு வேண்டும் என்று கேட்கும். நடுத்தர அளவு போதும், தையல் தெளிவாகவே தெரியும். ஒரிஜினல் படமே வேண்டும் என்று பையர் கேட்டால் கம்பெனி டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள். டெக்பேக், எம்பிராய்டரி ஃபைல் எல்லாவற்றுக்கும் அதுவே நல்லது.

ஒரே மெயில் பையருக்கு ஐந்து முறை, பத்து முறை போய்ச் சேர்வதும் இங்கே நடக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, உங்கள் புரோகிராமும் சர்வரும் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்க வேண்டும். புரோகிராம் வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்கிறது. சர்வர் 250 என்கிறது. சரி என்று அர்த்தம். பூட்டு மாட்டி, பாஸ்வேர்ட் கேட்டு வாங்கிக்கொள்கிறது. 'இவரிடமிருந்து' என்கிறது புரோகிராம். 250. 'இன்னாருக்கு' என்கிறது. அந்த முகவரியை ஏற்றால் 250, மறுத்தால் 550. பிறகு 'டேட்டா' என்றவுடன் சர்வர் 354 சொல்லும். கொடு, வாங்கிக்கொள்கிறேன் என்று. மெயில் முழுவதும் போகிறது. முடிந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பிறகு சர்வர் சொல்லும் 250தான் எல்லாவற்றிலும் முக்கியம். அது வந்த பிறகு மெயிலுக்கு சர்வர் பொறுப்பு. வரும் வரைக்கும் உங்கள் சிஸ்டம் பொறுப்பு.

அந்தக் கடைசி 250 உங்கள் சிஸ்டத்தை வந்து சேராமல் நடுவில் அறுந்தால் என்னாகும்? சர்வர் மெயிலை வாங்கி அனுப்பிவிடும். உங்கள் அவுட்லுக்குக்கு அது தெரியாது. சில நிமிஷம் கழித்து மறுபடி அனுப்பும். மறுபடியும். மெயிலை இடைமறித்துச் சோதிக்கும் ஆன்டிவைரஸ்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கின்றன. அதில் 'மெயில் ஷீல்டு' என்றோ 'இமெயில் ஸ்கேனிங்' என்றோ இருக்கும். போகும் மெயிலைச் சோதிப்பதை மட்டும் அதில் நிறுத்திப் பாருங்கள். ஆன்டிவைரஸையே எடுத்துவிட வேண்டாம். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் சர்வர் டைம்-அவுட் என்று ஒரு கோடு இருக்கும். அதை ஒரு நிமிஷத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு இழுத்து வைப்பதும் உதவும்.

சர்வர் மறுக்கும்போது அது சொல்லும் பதிலைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். ஒரு பெட்டி திறந்து சிவப்பாக ஏதோ வந்தவுடன் 'ஓகே' அழுத்தி மூடிவிடும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. மூடாதீர்கள். நீளமாகப் பூஜ்யத்தில் தொடங்கும் எண் அவுட்லுக்குடைய சொந்த எண், அதைவிட அதன் கீழே இருக்கும் மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். நான்கில் தொடங்கினால் இப்போதைக்கு இல்லை, கொஞ்சம் கழித்து வா என்று அர்த்தம். பத்து நிமிஷம் விட்டால் பெரும்பாலும் தானாகப் போகும். ஐந்தில் தொடங்கினால் எத்தனை முறை அனுப்பினாலும் இதே பதில்தான், எதையாவது மாற்றியாக வேண்டும். 535 என்றால் பாஸ்வேர்ட். 552 என்றால் பெரும்பாலும் அளவு. 550க்குப் பல காரணம் இருக்கும், பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். அந்த முகவரியே இல்லை என்று சொல்லலாம். அத்தென்டிகேஷன் இல்லாமல் வந்ததால் வெளியே அனுப்ப மாட்டேன் என்று சொல்லலாம். தண்டர்பேர்டில், பெறுபவர் பட்டியலில் பதினைந்து பேர் இருந்து ஒருவர் முகவரியை மட்டும் சர்வர் அங்கேயே மறுத்தாலும் மெயில் யாருக்குமே போகாமல் நின்றுவிடும். வேலையை விட்டுப்போன யாரோ ஒரு மெர்ச்சன்டைசரின் முகவரி 'ரிப்ளை ஆல்' வழியாக வருஷக்கணக்கில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். அதைத் தூக்குங்கள்.

535 பற்றி. "பாஸ்வேர்ட் மாத்தவே இல்லையே, நேத்து வரைக்கும் போச்சே" என்பீர்கள். நீங்கள் மாற்றவில்லை, வாசல் மாறிவிட்டது. வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளிப் புரோகிராம்கள் நுழைவதை கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் நிறுத்தியது. கம்பெனிக் கணக்குகளுக்கு 2025ல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அதையே செய்தது. ஜிமெயில் என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை உருவாக்கி, அதை அவுட்லுக்கில் கொடுக்க வேண்டும். முதன்மைப் பாஸ்வேர்டை ஓனர் தன் போனில் மாற்றினால் இந்த 16 எழுத்தும் செல்லாமல் போகும். மறுபடி உருவாக்க வேண்டும். ஹாட்மெயிலுக்கு இந்த வழியும் அடைபட்டுவிட்டது. புதிய முறை நுழைவு உள்ள புரோகிராம்தான் வேண்டும், தண்டர்பேர்டில் அது இருக்கிறது.

பழைய சிஸ்டம் இன்னொரு காரணம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், அவுட்லுக் 2010க்கு அதே ஆண்டு அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியாயிற்று. பூட்டிய இணைப்பின் பழைய வகைகளை சர்வர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. புதிய வகையைப் பேச விண்டோஸ் 7ல் தனியாக ஓர் அப்டேட்டும் ரெஜிஸ்ட்ரி மாற்றமும் வேண்டும். அதைச் செய்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆனால் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓனர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அவர்கள் கண்ணிலும் இது படும் என்பதால். நிட்டிங் மிஷினுக்கு லட்சக்கணக்கில் போடுகிறீர்கள், ஊசி தேய்ந்தால் அன்றே மாற்றுகிறீர்கள். அந்த மிஷின் ஓட்டிய துணிக்குப் பணம் வாங்கித் தரும் மெயில் மட்டும், ஆதரவு நின்றுபோன சிஸ்டத்தில், அந்தப் பிள்ளையின் சாமர்த்தியத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

சிஸ்டத்தின் தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதி தவறினால் சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று புரோகிராம் நினைத்து இணைப்பையே மறுக்கும். சில்லறை விலைக்குக் கிடைக்கும் பேட்டரி அது.

சில சமயம் மெயில் 'சென்ட் ஐட்டம்ஸ்'ஸில் இருக்கிறது, ஆனால் தனக்கு அது வரவில்லை என்கிறார் பையர். அங்கே இருப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: நம் சர்வர் அதை வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. கம்பெனி பெயரில் சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எஸ்.பி.எஃப். என்பது, நம் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று நாமே பொதுவில் எழுதி வைக்கும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது ஒவ்வொரு மெயிலிலும் நம் சர்வர் இடும் கையெழுத்து. வங்கியில் கொடுத்து வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு செக்கில் இருப்பதை ஒப்பிடுவது போல, பெறும் சர்வர் அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது. தன்னிடம் வரும் மெயிலுக்கு இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் விதித்திருக்கிறது; இல்லாவிட்டால் மெயில் திரும்பி வரலாம். டொமைன் வாங்கிக் கொடுத்தவரிடம் இரண்டும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போடாதிருந்தால் போடச் சொல்லுங்கள். டொமைன் புதுப்பிக்கும் தேதியையும், அதன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். அது கம்பெனி பெயரில்தான் இருக்க வேண்டும்.

இப்போது, முதலில் சொன்ன ஆபத்து. மெயில் போகவில்லை என்றவுடன் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருந்து இன்வாய்ஸை அனுப்புகிறீர்கள். இன்னொரு நாள் மேனேஜர் அண்ணன் ஐ.டி.யிலிருந்து. இன்னொரு நாள் வாட்ஸ்அப்பில். நல்லெண்ணத்தில், கம்பெனி வேலை நிற்கக் கூடாதே என்றுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் இதனால் பையருக்கு ஒரு பழக்கம் உண்டாகிறது: இந்தக் கம்பெனியிலிருந்து எந்த முகவரியில் வேண்டுமானாலும் மெயில் வரும், ஏற்றுக்கொள்ளலாம் என்று.

மோசடிக்காரன் காத்திருப்பது இந்தப் பழக்கத்துக்குத்தான். அவன் ஒரு மெயில் பெட்டியின் பாஸ்வேர்டை எப்படியோ எடுத்து உள்ளே உட்கார்ந்துவிடுகிறான். எதையும் அழிப்பதில்லை, அனுப்புவதில்லை. வாரக்கணக்கில் படிக்கிறான். எந்த ஆர்டர், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் பணம் வர வேண்டும், பையரை எப்படிக் கூப்பிடுவீர்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். பணம் வரும் வாரத்தில், உங்கள் முகவரி போலவே தெரியும் ஒரு முகவரியிலிருந்து மெயில் போகிறது. ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டினால் 'எம்' போலத்தான் தெரியும். "ஆடிட் நடப்பதால் பழைய வங்கிக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம், இந்தப் புதிய கணக்கில் போடவும்." பையர் போட்டுவிடுவார். நீங்கள் ரிமைண்டர் அனுப்பும்போதுதான் இரண்டு பக்கத்துக்கும் தெரியவரும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு 2023ல் மட்டும் இந்த வகை மோசடி பற்றி 21,000க்கு மேற்பட்ட புகார்கள், 290 கோடி டாலர் அளவுக்கு இழப்பு. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இதற்குத் தப்பவில்லை. பணத்தை இழப்பது ஒரு பக்கம். அந்த மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் மேல் சந்தேகம் விழுவது இன்னொரு பக்கம். அது எனக்குத் தாங்காது. உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஆகவே கம்பெனி மெயில் கம்பெனி முகவரியிலிருந்து மட்டும் போக வேண்டும். புரோகிராம் ஒத்துழைக்காத நாளில், பிரவுசரில் கம்பெனியின் வெப்மெயிலைத் திறந்து அதே முகவரியிலிருந்து அனுப்புங்கள். அந்த வழி ஏறக்குறைய எல்லா மெயில் சேவையிலும் இருக்கிறது. பலருக்கு அதன் முகவரிதான் தெரியாது. வெப்மெயிலில் போய், புரோகிராமில் போகாவிட்டால், கணக்கு நன்றாக இருக்கிறது, புரோகிராமின் செட்டிங்கில்தான் பழுது என்பதும் அப்போதே தெளிவாகிவிடும்.

வெப்மெயிலில் நுழைந்திருக்கும்போது ஃபார்வர்டிங், ஃபில்டர், ரூல்ஸ் என்ற பக்கங்களையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாத விதி ஏதேனும், உதாரணமாக 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள மெயிலெல்லாம் வேறெங்கோ போகும்படி இருந்தால், ஓனரிடம் உடனே சொல்லுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், பையரை, ஏற்கனவே உங்களிடம் இருக்கும் எண்ணில், போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930க்கும் அந்த நிமிஷமே அழைக்க வேண்டும். முன்கூட்டியே எல்லா பையருக்கும் ஒரு கடிதம் போய்விடுவது இன்னும் நல்லது: வங்கிக் கணக்கு மாற்றத்தை நாங்கள் மெயிலில் மட்டும் சொல்ல மாட்டோம், போனில் உறுதி செய்யாமல் பணம் போடாதீர்கள் என்று. ஓனர் கையெழுத்தில் போகட்டும்.

மெயில் போகாத பதற்றத்தில் 'கஸ்டமர் கேர்' எண்ணை வலையில் தேடி, முதலில் வரும் எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட்டு, எதிர்முனையில் இருப்பவன் சொன்னபடி சிஸ்டத்தைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் ஒன்றை ஏற்றி, திரையையே அவன் கையில் கொடுத்த ஆபீஸ்கள் இருக்கின்றன. எண்ணை உங்கள் சேவையின் பில்லில் இருந்தோ, அதன் சொந்தப் பக்கத்தில் இருந்தோ மட்டும் எடுங்கள்.

சேவூர் விற்பனைக்கூடத்து நிலக்கடலை ஏலத்துக்கு மூட்டை கொண்டுபோகும் வீடுகளிலிருந்து வந்து, ஹாம்பர்க்குக்கும் மிலானுக்கும் தினமும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் திறமைக்கு முன்னால் ஒரு போர்ட் எண் பெரிய விஷயமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோருக்கும் வசதியான இடமாகப் பார்த்து சேவூரில் கூடலாம் என்று நினைக்கிறேன். வருகிறவர்கள் உங்கள் ஆபீஸ் மெயிலின் வாங்கும் சர்வர் பெயர், அனுப்பும் சர்வர் பெயர், இரண்டின் போர்ட் எண், என்கிரிப்ஷன் வகை, அவுட்லுக் அல்லது தண்டர்பேர்டின் பதிப்பு, விண்டோஸ் பதிப்பு, டொமைன் புதுப்பிக்கும் தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசியாக வந்த பிழைச் செய்தியை வார்த்தைக்கு வார்த்தை எழுதி வந்தால் அதை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஓனரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், அவரும் வந்தால் இன்னும் சந்தோஷம். பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா
சேவூர்